எங்கள் ஒழுங்கையை அகலமாக்காதவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எதிர்வீட்டுப் பரீதா கேற்றடியில் நின்று, "ஆன்ட்டி, குகதாசன் சேர் போயிட்டாராம்" என்றார். சேலையை மாற்றிக்கொண்டு உடனே புறப்பட்டேன். அந்த மனிதரின் வீட்டுக்கு வீட்டுடுப்போடு போக எனக்கு மனம் வராது.

திரு. குகதாசன் அவர்கள் நகரத் திட்டமிடலாளராக இருந்து ஓய்வுபெற்று, கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து பிரியும் ஒடுங்கிய பாதையான எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்தவர். சொன்ன நேரத்துக்கு வருவார். பிறர் பேசும்போது குறுக்கிடமாட்டார். இவ்விரண்டுக்காகவே முதலில் அவரை மதித்தேன்.

வளைவில் நிற்கும் மருதமரத்தை வெட்டிப் பாதையை அகலமாக்கினால் கார்களை நிறுத்தலாம் என்று அடுக்குமாடிக்காரர்கள் மாநகர சபையைக் கேட்கப் புறப்பட்டார்கள். மற்றவர்கள் எதிர்த்தார்கள். அயலவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே நிறுத்தினார்கள். குகதாசன் அவர்கள் கூட்டம் கூட்டச் சொன்னார்: நடுப்பகலில், ஒழுங்கையிலேயே, அவரவர் உட்காரும் கதிரையோடு.

குடியிருப்பாளர் சங்கச் செயலாளராகிய நான் ஆட்சேபித்தேன். "ஏன், மண்டபம் கிடைக்காதோ?"

"மண்டபத்தில ஃபேன் இருக்கும், மிஸிஸ் பொன்னையா. அங்க இருந்தா ஒருத்தருக்கும் மரம் தேவைப்படாது."

கூட்டம் தொடங்கியதும் கதிரைகள் ஒவ்வொன்றாக நிழலுக்கு நகர்ந்தன. வெட்டத்தான் வேண்டும் என்று முன்னின்ற நமசிவாயம், அடிமரத்திலேயே சாய்ந்திருந்தார்.

"அங்கிள், வெட்டினா மொதல்ல உங்களுக்கு மேலதான் விழும்" என்றார் பரீதா.

"சிரிக்கலாம் பிள்ளை. என்ர காரை எங்க விடுறது? அதைச் சொல்லுங்கோ."

குகதாசன் அவர்கள் என் பக்கம் திரும்பினார். "மிஸிஸ் பொன்னையா, உங்கட முற்றம் வெறுமையாத்தானே கிடக்குது?"

என் கணவர் காலமானபின் அந்த முற்றத்துக்குள் எந்த வாகனமும் வந்ததில்லை. கூட்டத்தில் வைத்துக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அதை அவரிடமே சொன்னேன்.

"தனியக் கேட்டு நீங்கள் தந்தால் அது உதவி," என்றார். "எல்லாருக்கும் முன்னால தந்தால்தான் அது திட்டம்."

அடுத்த கூட்டத்தில் நிபந்தனைகளோடு சம்மதித்தேன். ஹோர்ன் அடிக்கக் கூடாது. சீமெந்தில் எண்ணெய் சிந்தக் கூடாது. கேற்றைத் திறந்தபடி விட்டுப் போகக் கூடாது. அவர் சிரிக்காமல் அவற்றை அப்படியே திட்டத்தில் சேர்த்தார். பின்னர் வேறு வீடுகளின் கேற்றுகளும் கார்களுக்குத் திறந்தன. மதிலோரங்களில் மழைநீர் இறங்கப் பாத்திகள் வெட்டினோம். மரம் நின்றது. பாதை ஒடுக்கமாகவே இருந்தது.

வியாழக்கிழமை, அவரது பேழையை ஏற்றிச்செல்ல வந்த நீண்ட மலர்ச்சாலை வண்டி வளைவில் திரும்ப முடியாமல் காலி வீதியிலேயே நின்றுவிட்டது. "இந்த லேனை அகலமாக்கியிருக்கலாமே" என்று சாரதி முணுமுணுத்தார்.

"அவர்தான் வேண்டாமெண்டவர், தம்பி. நாங்கள் தூக்கிக்கொண்டு வாறம்" என்று நமசிவாயம் பேழைக்குத் தோள்கொடுத்தார். பரீதாவின் கணவர் மறுபக்கம் பிடித்தார். பெண்கள் வாசலோடு நின்றுவிடுவது எங்கள் வழக்கம். நான் வளைவுவரை நடந்தேன். மரத்தடியில் அவர்கள் நின்று, வியர்வையைத் துடைத்து, தோள் மாற்றிக்கொண்டார்கள்.

ஆறுதலாகப் போங்கள், குகதாசன் அவர்களே. இந்தப் பாதையில் உங்களை ஒருவராலும் அவசரப்படுத்த முடியாது.