வில்கமுவையில் நீச்சல், சைக்கிள், ஓட்டம்

நாற்பத்திரண்டு வயதில் நான் ட்ரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். கடலில் நீந்திக் கரையேறி, ஈரத்தோடு சைக்கிளில் ஏறி, சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடி முடிக்க வேண்டிய போட்டி அது. நீச்சல் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சைக்கிள் தொண்ணூறு, ஓட்டம் இருபத்தொன்று. வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது மூணும் ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்லதாங்க."

"அப்ப மத்த நாள்ல என்ன செய்வாங்க?"

"மத்த நாள்ல இதுக்குப் பழகுவாங்க."

அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

என் தொழில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பிப்பது. சிங்களம் மட்டும் தெரிந்த கிளார்க்மார், மிட்வைஃப்மார், பொலிஸ்காரர்கள் இவர்களுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லிக் கொடுத்துக் கடைசியில் ஒரு வாய்மொழிப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டும். வீடு மாத்தளை டவுனில் என்பதால் பயிற்சிக்குக் குறைவில்லை. நீந்துவதற்குக் காலை ரயிலில் கண்டிக்குப் போய்விடுவேன். சைக்கிளும் ஓட்டமும் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், போட்டிக்கு ஆறு வாரம் இருக்கையில், மாவட்டத்தின் கிழக்குக் கோடியிலுள்ள வில்கமுவையில் மூன்று வாரம் வகுப்பு என்று உத்தரவு வந்தது.

பயிற்சியை விடுவதில்லை என்று முடிவு செய்து சைக்கிளையும் பஸ்ஸில் ஏற்றினேன். பின்சக்கரத்தை இறுக்கிப் பிடித்து, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் இரும்பு ஸ்டாண்ட் ஒன்றும் கூட வந்தது. கொண்டக்டர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு நல்ல சைக்கிள் இருக்கே, இதில் ஏறிப் போனால் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது.

வில்கமுவையில் நான் தங்கிய வீட்டுக்கார அம்மா அறுபது தாண்டியவர், பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். சிங்களம் மட்டும்தான் பேசுவார். வந்த அன்றைக்கே எனக்குச் சட்டம் சொல்லிவிட்டார். இருட்டினால் வெளியே போகக் கூடாது, விடியுமுன்னும் போகக் கூடாது. யானை வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் இறங்கிய பிறகுதான் நான் ஓடலாம். வகுப்பு முடிந்து வந்தால் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் சைக்கிள் விறாந்தையில்தான்.

முதல் நாள் மாலை விறாந்தையில் ஸ்டாண்டைப் பூட்டி மிதிக்கத் தொடங்கியதும் அக்கம்பக்கம் வந்து கூடிவிட்டது. ஒரு கிழவர் வேலியைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் எவ்வளவு தூரம் போய்விட்டார்?" என்று கேட்டார்.

"இருபது கிலோமீட்டர்," என்றேன் மூச்சிரைக்க.

கிழவர் கேட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தார். "எங்கே?" என்றார்.

வீட்டுக்கார அம்மாவுக்கு என்னை விட்டுக்கொடுக்க மனமில்லை. "இப்போது எலஹரப் பக்கம் போயிருப்பார்," என்றார் உறுதியாக. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாலையில் யார் வந்து கேட்டாலும் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அவரே அறிவிப்பார். ஒரு நாள் நீண்ட நேரம் மிதித்து இறங்கியபோது, "இன்றைக்கு மிஸ் மாத்தளைக்கே போய்விட்டார்," என்று பக்கத்து வீட்டுக்குக் கூவினார். "அப்படியானால் கொஞ்சம் ஜாதிக்காய் வாங்கி வந்திருக்கலாமே," என்று பதில் வந்தது.

நீச்சல்தான் பெரிய பாடு. சீகிரியாப் பக்கத்து ஹோட்டல்களில் நீச்சல் தடாகம் உண்டு, ஆனால் பஸ் மாறிப் போய்வர ஒரு ஞாயிறு முழுதும் கரைந்துவிடும். ஊர்க் குளம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. இறங்கப் போகிறேன் என்றதும் வீட்டுக்கார அம்மா மறித்தார்.

"குளத்தில் முதலை இருக்கிறது."

"நீங்கள் தினமும் அங்கேதானே குளிக்கிறீர்கள்?"

"எங்களை அதற்குத் தெரியும்."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். என் இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை அவர் கையில். கயிறு இழுத்துப் பிடிக்க நான் கரையோரத்திலேயே, முன்னே போகாமல், கையையும் காலையும் அடித்து நீந்த வேண்டும். குளிக்க வந்த பெண்கள் மாரில் துணியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "ஏன் கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டது தண்ணீருக்குள்ளேயே என் காதில் விழுந்தது. "இது தமிழ் படிப்பிக்கிற மிஸ். விட்டால் மாத்தளைக்கே நீந்திப் போய்விடுவார்," என்றார் அம்மா. பேச்சு சூடு பிடித்தால் நான் இருப்பதையே மறந்து கயிற்றைத் தளர்த்திவிடுவார். வீட்டில் உலை வைத்த ஞாபகம் வந்தால் ஒரே இழுப்பு. நீந்திக்கொண்டிருந்தவள் பின்பக்கமாகக் கரைக்கு வந்து சேர்வேன். அந்த இழுப்புக்கு எந்த மொழியிலும் மறுப்புச் சொல்ல முடியாது.

வகுப்பில் பதினைந்து பேர். முதல் நாளே ஒரு விதி போட்டிருந்தேன். என்னோடு பேசினால் தமிழில்தான் பேச வேண்டும், வகுப்பிலும் சரி, கடைத்தெருவிலும் சரி, சிங்களச் சொல் ஒன்று கூட வரக் கூடாது. எல்லாரும் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கினார்கள், ஒருவரைத் தவிர. அவர் பொலிஸ் சார்ஜன்ட், பெரிய மீசைக்காரர், கடைசி வரிசை. இரண்டு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த தமிழ் "ஆமா டீச்சர்", "இல்ல டீச்சர்" என்ற இரண்டுதான். அதையும் சில நேரம் மாற்றிச் சொல்வார். இவர் பரீட்சையில் தேறமாட்டார் என்று மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வகுப்பு வேளையோடு தொடங்க வேண்டியிருந்தது. ஓட்டத்தை விட மனமில்லை. வெளிச்சம் வந்துவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காத்திராமல் வயலோர ரோட்டில் இறங்கிவிட்டேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து குறுக்கே நின்றது. இரவு டியூட்டி முடித்து வந்துகொண்டிருந்த சார்ஜன்ட். இரண்டு கையையும் தூக்கினார்.

"டீச்சர்... ஓட... ஓட வேணாம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் வாயிலிருந்து முதல் வாக்கியம்! "நல்லா சொன்னீங்க சார்ஜன்ட். ஏன் ஓட வேணாம்?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"அங்க... பெரிய... பெரிய ஐயா."

"எந்தப் பெரிய ஐயா? உங்க ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யா?"

"இல்ல. ஓ.ஐ.சி. இல்ல. ரொம்பப் பெரிய ஐயா."

கொழும்பிலிருந்து யாரோ மேலதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டீ-ஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எதுக்கு வந்திருக்காங்க?"

"சாப்பிட வந்தாங்க."

"இந்நேரத்திலயா? எங்க?"

"ரோட்டில நின்னு..." அவர் கண்ணை மூடிச் சொல்லைத் தேடினார். "ரோட்டில நின்னு வாழை மரம் சாப்பிடுறாங்க."

'நின்னு' என்று வினையெச்சத்தைச் சரியாகச் சொல்லிவிட்டாரே என்பதுதான் முதலில் என் மனதில் பட்டது. அதற்குப் பிறகுதான் வாழை மரம் பட்டது. வளைவுக்கு அப்பால், சேறு பூசிய சுவர் போல ஒன்று நின்று காதை ஆட்டியது.

அன்று நான் ஓடிய வேகம் என் கை மணிக்கூட்டில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு வேகம் அதில் இல்லை. சார்ஜன்ட் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் வந்து, "ஏறுங்க! ஏறுங்க டீச்சர்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். அதில் ஏறிக்கொள்ளலாம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முதல் கடை வாசல் வரை அவர் மோட்டார் சைக்கிளிலும் நான் காலிலுமாகச் சமமாக வந்து சேர்ந்தோம். யானை ஓரடி கூட எங்கள் பக்கம் எடுத்து வைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு வாழைத் தோட்டம் இன்னும் மிச்சமிருந்தது.

கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து மூச்சு திரும்பியதும் சிங்களத்தில் கத்தினேன். "யானைக்கு அலியா என்று ஒரு சிங்களச் சொல் சொன்னால் போதாதா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "டீச்சர்தானே சிங்களம் வேணாம்னு சொன்னீங்க," என்றார். ஒரு பிழை இல்லை.

அன்று காலை வகுப்பில் விதியைத் திருத்தினேன். யானை, பாம்பு, தீ இந்த மூன்றுக்கும் எந்த மொழியிலும் கத்தலாம். "முதலைக்கு?" என்று மிட்வைஃப் தமிழில் கேட்டார். முதலையையும் சேர்த்துக்கொண்டோம். நான் இனித் தனியாக ஓடக் கூடாது என்று அவர்களும் ஒரு விதி போட்டார்கள். காலையில் முறை வைத்து ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிளில் என் பக்கத்திலேயே மெதுவாக வந்தார்கள். சும்மா வருவானேன் என்று அதையே வாய்மொழிப் பரீட்சைக்கான பயிற்சியாக்கிவிட்டார்கள்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர் எங்க வேலை செய்றாங்க?"

"ஸ்கூ...ல்ல."

"என்ன பாடம் படிப்பிக்கிறாங்க?"

"கண...க்கு."

"டீச்சர், முழு வாக்கியத்தில பதில் சொல்லுங்க."

நான் வகுப்பில் சொல்லும் வசனம் அது. மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறவளிடம் அதைக் கேட்க எப்படித்தான் மனம் வந்ததோ. ஆனால் அந்த வாரத்தில்தான் என் மூச்சும் நிதானப்பட்டது, அவர்கள் தமிழும் நிமிர்ந்தது. வாய்மொழிப் பரீட்சையில் பதினைந்து பேரும் தேறினார்கள். சார்ஜன்டிடம் அண்மையில் நடந்த ஏதாவது ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து பரீட்சகர் சிரித்த சத்தம் வெளியில் நின்ற எனக்குக் கேட்டது.

போட்டியையும் முடித்தேன். கடல் என்னை இரண்டு முறை கரைக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது. சைக்கிளில் எதிர்க்காற்று. ஓட்டத்தின் கடைசி ஐந்து கிலோமீட்டரை ஓட்டம் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். என் கணவர் முடிவுக்கோட்டருகே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தூங்கிப்போயிருந்தார். தட்டி எழுப்பினேன். "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, எழும்பி எனக்குக் கதிரையைக் கொடுத்தார். பதினேழு வருடக் குடித்தனத்தில் அதைவிட நல்ல பரிசு எனக்குக் கிடைத்ததாக ஞாபகமில்லை.

மறுநாள் வில்கமுவை அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"முதலாவதாக வந்தீர்களா?"

"இல்லை அம்மா."

"இரண்டாவது?"

"இல்லை. எனக்குப் பின்னால் நாலு பேர்தான் வந்தார்கள்."

அம்மா மெதுவாக, "பாவம்," என்றார். "அந்த நாலு பேரையும் வீட்டில் ஒழுங்காகக் கவனித்திருக்க மாட்டார்கள்."