சாக்கில் வாடிய கிழங்கு

"…இதுவும் போச்சுன்னா நான் இனிமே எதைத்தான் சாப்பிடறது, நீயே சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். சாக்கைப் பின்வாசல் தரையில் கவிழ்த்திருந்தார். விழுந்ததெல்லாம் சுருங்கிப்போன கிழங்கு. அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்கியது.

அவருக்குச் சர்க்கரை வந்த வருஷம் அது. டாக்டர் சோற்றைக் குறைத்தார், உருளைக்கிழங்கை அடியோடு நிறுத்தினார். "கல்யாண விருந்தையே ஒரு சீட்டுல அடிச்சுட்டான்யா" என்று ஆபீஸில் சொல்லிச் சிரிப்பாராம். வீட்டில் அந்தச் சிரிப்பு இருக்காது. டெல்லி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்து, ரெண்டு சுக்கா ரொட்டியை மென்றுவிட்டு, அரை வயிற்றோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எதிரே உட்கார்ந்து எனக்கும் சோறு இறங்காது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாபிஜி மலைப்பக்கத்துக்காரி. ஹோலி முடிந்த கையோடு ஒரு பை கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. பேர் ஹாத்திசோக் என்றாள். "இது ஆலு, உங்க உருளைக்கிழங்கு மாதிரி இல்ல பெஹன்ஜி, உங்க வீட்டு பாய்சாப் சாப்பிடலாம்." டாக்டரிடம் கேட்டோம், அளவாகச் சாப்பிடட்டும் என்றார். பின்சுவர் ஓரமாக நட்டோம். பாத்திரம் கழுவின தண்ணீர்தான் அதற்கு. ஆள் உயரம் தாண்டி வளர்ந்து, மழைக்கப்புறம் சின்னச் சின்னச் சூரியகாந்தியாகப் பூத்தது.

குளிரில் செடி காய்ந்ததும் ஒரு தூரைத் தோண்டினேன். வாழைத்தண்டை நறுக்குகிற மாதிரி நறுக்கி, கறுத்துவிடாமல் மோர்த் தண்ணீரில் போட்டு, கடுகு உளுத்தம்பருப்பு தாளித்துப் பொரியல் செய்தேன். தட்டை வழித்துவிட்டு, "வயிறு நிறையறதுன்னா இப்படித்தான் இருக்கும், இல்ல? மறந்தே போச்சு" என்றார்.

அந்தச் சந்தோஷம்தான் வினையாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாத்தி முழுவதையும் வெட்டி எடுத்தார். அவர் ஊரில் சேனையை அப்படித்தான் வெட்டி, மண் உதறி, காய வைத்து எடுத்து வைப்பார்கள், மாசக்கணக்கில் கெடாது. இதையும் ஒரு நாள் வெயில் காட்டிச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார். "மாசி வரைக்கும் கவலையில்ல" என்றார். மார்கழிகூடத் தாங்கவில்லை.

அவர் அப்படிக் கேட்டபோது நான் குனிந்து, தேறுகிற கிழங்கு ஏதாவது உண்டா என்று பொறுக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பாபிஜி எட்டிப் பார்த்தாள்.

"அச்சா, எல்லாத்தையும் பிடுங்கியாச்சா? எங்க ஊர்ல இதுக்கு மண்ணுதான் பிரிட்ஜ். அன்னன்னிக்கு வேணுங்கறதைத்தான் தோண்டணும்." அவர் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, குரல் இறங்கியது. "பரவால்ல பாய்சாப். இதை யாராலயும் முழுசாத் தோண்டிட முடியாது. ஒழிச்சுக்கட்டணும்னு நினைச்சாலும் எங்கேயாவது ரெண்டு கிடக்கும்."

அவர் காலிச் சாக்கை மடித்துப் பாத்தி ஓரம் போட்டார். மப்ளரை இறுக்கிக்கொண்டு அதன்மேல் முட்டி போட்டு உட்கார்ந்து, களைக்கொத்தியால் அந்த மண்ணையே மூலையிலிருந்து மறுபடி கிளற ஆரம்பித்தார்.