பத்தொன்பது வேண்டாம் என்றவள்

டிப்போவில் அவளை எல்லாரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வளைவில் குறுக்கே காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன ஆளைக் கடைக்குள்ளேயே தேடிப்போய், பாதி டீயோடு எழுப்பிக் கூட்டிவந்து வண்டியை எடுக்கவைத்தவள். வாய் கொஞ்சம் ஜாஸ்திதான், யார் இல்லை என்றது? ஆனால் புகுந்த வீட்டுச் சொந்தங்களிடம் மட்டும் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. அங்கே அவள் 'பத்தொன்பது'.

அந்தப் பெயர் வந்த கதையைக் கேட்டால் உங்களுக்கே பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல், செயற்கைக் கருத்தரிப்புக்குப் போனார்கள். முதல் தடவை டாக்டர் நீண்ட முறையைச் செய்தார். முதலில் சில வாரம் ஊசி போட்டுச் சினைப்பையைத் தூங்கவைத்து, பிறகு பெரிய ஊசிகளாகப் போட்டு அதை உசுப்பிவிடுகிற முறை. பத்தொன்பது கருமுட்டை கிடைத்தது. அவளுடைய நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த எண்ணைப் பரீட்சை ரிசல்ட் மாதிரி போட்டுவிட்டார். கைதட்டுகிற படங்களாக வந்து குவிந்தன. 'ஒரு கிரிக்கெட் டீம் போக மிச்சம் இருக்கே' என்று ஒரு சித்தப்பா எழுதினார்.

மூன்றாம் நாள் அவள் வயிறு உப்பியது. மருந்தின் வேகம் தாங்காமல் வயிற்றில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டி, டியூப் போட்டு நீரை எடுத்தார்கள். பத்தொன்பதில் கருவாகத் தேறியது நாலு. உடம்பு தேறிய பிறகு நாலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தங்கவில்லை. குழுவில் மூச்சுப் பேச்சில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இவர்களையெல்லாம் என்ன சொல்லித் திட்டுவது?

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களில் ராப்பகலாகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கணக்கு டீச்சர்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார். முகம் சுளிக்காமல் டியூப் பையைக் கொட்டினார், தலை வாரிவிட்டார். அதனால்தான் டிரைவரம்மாவுக்கு அவரை எதிர்த்துப் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி போனார்கள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. முட்டை எடுப்பது இதுதான் கடைசி, இதற்கு மேல் உடம்பைப் பிழிய வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்திருந்தார்கள். டாக்டர் அறையில் மூன்று நாற்காலி. நடுநாற்காலியில் கணக்கு டீச்சர்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் டாக்டர். "போன தடவை செஞ்ச நீண்ட முறையையே மருந்தைக் குறைச்சு செய்யலாம். முட்டை நிறைய கிடைக்கலாம். நீர் கோக்குற ஆபத்து குறையும், ஆனா வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. இன்னொண்ணு மிதமான முறை. கொஞ்ச நாள், கொஞ்ச மருந்து. மூணோ நாலோ முட்டைதான் வரும். உடம்பு தாங்கும். ஆனா அதெல்லாம் வீணாப்போனா கையில எதுவும் மிஞ்சாது."

"உங்களுக்கு எது சரின்னு படுது?" என்றார் டீச்சர்.

"இதுலதான் பிள்ளை நிக்கும்னு ரெண்டுல எதையும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. முடிவு அவங்களோடது."

"அப்ப நீண்ட முறையே எழுதிடுங்க டாக்டர்."

கடையில் சாமான் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார்! டிரைவரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"அண்ணி, ஊசி யாருக்கு?"

"உனக்குத்தாம்மா. உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? பத்தொன்பதுல நாலு தேறிச்சு. நாலுல எத்தனை தேறும்? நீயே கணக்குப் போட்டுப் பாரு."

"போட்டுப் பாத்துட்டேன் அண்ணி. அந்த நாலும் நிக்கல. எனக்கு மூச்சு முட்டுனது உங்க கணக்குல எங்க வருது?"

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாது. அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பொதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்குத் துடைத்துக்கொண்டே, "அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல..." என்று இழுத்தார்.

"உங்க வயித்துல டியூப் போடுறதா இருந்தா அந்த நியாயத்தைப் பேசலாம்."

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மிதமான முறையே எழுதுங்க டாக்டர்" என்றாள் டிரைவரம்மா.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். டூட்டி நாட்களில் டிப்போ கேன்டீன் ஃபிரிட்ஜில் ஒரு டப்பாவில் வைத்தாள். டைம்கீப்பர் மூக்கை நுழைக்காமல் இருப்பாரா?

"என்ன டிரைவரம்மா, சுகர் ஊசியா?"

"இல்லண்ணே. பிள்ளைக்கு ஊசி."

"உங்களுக்கு ஏது பிள்ளை?"

"அதுக்குத்தான் ஊசி."

அதற்குப் பிறகு அந்த டப்பாவை யாரும் தொடாமல் அவரே காவல் காத்தார். பெண்கள் ஓய்வறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, சட்டையைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அவளே வயிற்றில் குத்திக்கொள்வாள். முகம் கழுவிவிட்டு அடுத்த டிரிப்பை எடுப்பாள்.

டீச்சர் தினமும் போன் செய்தார்.

"எத்தனை வளருது?"

"வளருது அண்ணி."

"எத்தனைன்னு கேட்டேன்."

"வளருதுன்னு சொன்னேன்."

ஆனால் ஸ்கேனில் மூன்றே மூன்றுதான் தெரிந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டது. "வேணும்னா மருந்தைக் கொஞ்சம் ஏத்தலாம், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போய் அழுதாள். அண்ணி சொன்னதுதான் சரியோ, வீம்பு பிடித்து இருக்கிற ஒரே வாய்ப்பையும் கெடுத்துக்கொண்டேனோ என்று நினைத்து நினைத்து அழுதாள். பயம் இல்லாதவள் என்று நான் சொன்னால் அது பொய். அழுது முடித்து வெளியே வந்து, "ஏத்த வேண்டாம் டாக்டர், இருக்கிறது போதும்" என்றாள். சொன்னதை மாற்றவில்லை.

மூன்று முட்டை எடுத்தார்கள். இரண்டு கருவானது. ஒன்றை வைத்தார்கள், ஒன்றை உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். வயிறு உப்பவில்லை, மூச்சு முட்டவில்லை. வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டாள், குப்புறப் படுத்துத் தூங்கினாள்.

ரிசல்ட்டை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது, தனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். டூட்டி முடிந்து டிப்போ வாசலுக்கு வந்தபோது போன் வந்தது. "சாரிம்மா, இந்தத் தடவை நிக்கல" என்றாள் நர்ஸ்.

வீட்டுக்கு வந்தாள். கணவரும் கணக்கு டீச்சரும் கூடத்தில் காத்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"நான் அப்பவே..."

"சொல்லாதீங்க அண்ணி." செருப்பைக்கூடக் கழற்றவில்லை அவள். "போன தடவை உங்க வழியில போனேன். அப்பவும் நிக்கல. அப்ப என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. இன்னிக்கு வண்டி ஓட்டி முடிச்சு, என் காலால நடந்து வந்து உங்க முன்னால நிக்கிறேன். எனக்கு வயிறு எரியுது, அழப்போறேன், நல்லா அழப்போறேன். ஆனா நான் தப்பான வழிக்குப் போயிட்டேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. இன்னும் ஒண்ணு அங்க இருக்கு. அடுத்த மாசம் போய் வெச்சுக்குவேன்."

"அதுவும் நிக்கலைன்னா?" கணவர்தான் கேட்டார்.

"நிக்கலைன்னா அன்னிக்கும் அழுவேன். அதுக்காக வேற யாரும் எனக்கு முடிவெடுக்க முடியாது. நீங்களும்தான்."

கணவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. எழுந்து வந்து அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "உன் இஷ்டம்தான்" என்றார். அவ்வளவுதான், அவள் சுவரோரமாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். டீச்சர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அழுகை ஓய வெகுநேரமானது.

"அடுத்த மாசம் என்னிக்குன்னு முன்னாடியே சொல்லு" என்றார் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நான் லீவு சொல்லணும்."

"வாங்க அண்ணி. ஆனா டாக்டர் ரூமுக்குள்ள நான் மட்டும்தான் போவேன்."

கணக்கு டீச்சர் அவளையே பார்த்தார். வழக்கமாக அந்த வாய் சும்மா இருக்காது. எதிர்ப்பேச்சு வரும் என்று டிரைவரம்மா அழுத முகத்தோடே காத்திருந்தாள்.

"வெளிய உக்கார நாற்காலி இருக்கும்ல?" என்று கேட்டார் டீச்சர்.