பீருக்குத் தொட்டுக்க பிரவுனி

சாக்லேட் கேக்கை ஊறுகாயோடு போட்டி போட வைத்த தொழில் உலகத்திலேயே என்னுடையது மட்டுமாகத்தான் இருக்கும். தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம், பார் உள்ள ஒரு ஹோட்டலில் கேக் செய்பவள் நான். எங்கள் மேனேஜர் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, பீருக்கு சாக்லேட்தான் பொருத்தம் என்று மெனு கார்டே அடித்துவிட்டார். கறுப்பு பீருக்கு பிரவுனி, வெளிர் பீருக்கு ஆரஞ்சு சாக்லேட் கேக். பொங்கலுக்குள் இது ஓடவில்லை என்றால் என் ஓவனுக்கு மூடுவிழா. எனக்குக் காலை டிபனுக்குக் கேசரி கிண்டும் வேலை. யோசனை அவருடையது, தண்டனை எனக்கு. உங்கள் ஆபீஸிலும் இதே கதைதானே?

முதல் தட்டு

முடிச்சூரில் பிளாட் விற்கும் ஒரு சார்தான் முதல் போணி. பீரின் கசப்பும் சாக்லேட்டின் கசப்பும் எப்படிக் கைகோக்கும் என்று நான் பக்கத்தில் நின்று பாடமே எடுத்தேன். பாவம், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நான் நகர்ந்ததும் எலுமிச்சை ஊறுகாய் வரவழைத்து, பிரவுனியைப் பிட்டு அதில் தொட்டுச் சாப்பிட்டார். எப்படி இருக்கிறது சார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். உள்ளயே கொஞ்சம் காரம் போட்டுட்டீங்கன்னா இன்னும் நல்லாருக்கும்."

ஏறுமா, இறங்குமா

ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு, மாவில் மிளகாய்த்தூள் கலந்தேன். ருசி பார்க்கச் சொல்லி, கம்பெனி முடிந்து வந்த நாலைந்து பேர் மேஜையில் ஒரு தட்டு வைத்தேன். ஒருவர் பாம்பைக் கண்ட மாதிரி நாற்காலியைப் பின்னால் இழுத்தார். இனிப்பு சாப்பிட்டால் போதை இறங்கிவிடுமாம். பக்கத்தில் இருந்தவர், இல்லை, டபுளாக ஏறும் என்றார். ஆளுக்கு ஒரு மாமா, ஆளுக்கு ஒரு ஃபிரெண்டு என்று சாட்சிகளை இழுத்து ராத்திரி வரை வழக்காடினார்கள். பிரவுனியை ஒருத்தரும் தொடவில்லை. கடைசியில் முதல் ஆள் எனக்குத் தீர்ப்பு சொன்னார்.

"அக்கா, கஷ்டப்பட்டு ஏத்தினது. ரிஸ்க் எடுக்க முடியாதுக்கா."

ஜோடிப் பொருத்தம்

திடீரென்று பிரவுனி பறக்க ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையோடு பாருக்குள் எட்டிப் பார்த்தால், ஒரு மேஜையிலும் பிரவுனி இல்லை, எல்லாம் பார்சல். மேனேஜரோ, பாரில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் திட்டம் ஜெயித்த மாதிரி, பார்சல் கணக்கில் வராது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஏன் இப்படிப் பண்ணுகிறார்கள் என்று சப்ளையர் குமார் அண்ணனிடம் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"வெறுங்கையோட போனா வூட்ல கதவு தொறக்குமா மேடம்? பீரு அவருக்கு, கேக்கு அந்த அக்காவுக்கு. ஜோடி சரியாத்தான கீது?"

ஊரப்பாக்கம் அக்கா

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. எங்கள் காலி கேக் டப்பாவைக் கையில் பிடித்தபடி ஒரு அக்கா விறுவிறுவென்று பாருக்குள்ளேயே வந்தார். மூலை மேஜையில் அவர் வீட்டுக்காரர் மெனு கார்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மேனேஜர் ஓடி வந்தார். இதைச் செய்தது யார் என்று அக்கா கேட்டார். போச்சு, கேசரிதான் என்று நினைத்துக்கொண்டே முன்னால் போனேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நேராகப் போய்க் கணவர் எதிரில் உட்கார்ந்தார். சூடாக ஒரு பிரவுனி கேட்டார். முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டு, கடைசித் துண்டைக் கணவரின் தட்டில் வைத்தார். அவரும் பயத்தில் அதைத் தின்று, ஒரு வாய் பீரைக் குடித்து, "அட, நல்லாருக்கே" என்றார். மேனேஜர் கண்ணெதிரிலேயே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஊரப்பாக்கம் வர்றதுக்குள்ள ஆறிப்போயிடுதும்மா. இனிமே இவர் எப்பல்லாம் வர்றாரோ, நானும் கூடவே வர்றேன்."

அவரைப் பார்த்து மற்ற வீட்டு அக்காக்களும் வர ஆரம்பித்ததில் என் ஓவன் பிழைத்துக்கொண்டது, பீர் விற்பனை படுத்துவிட்டது, இப்போது கேசரி கிண்டக் கற்றுக்கொள்ள வேண்டியவர் எங்கள் மேனேஜர்தான்.