ஆணி அடிக்காத சுவர்

அடியார் கண்ணுக்கு வடிவு காட்டியும், அவர் அறிவுக்கு எட்டாமல் அப்பாலே நின்றும், பாலாற்றங்கரையில் அரவணைமேல் பள்ளிகொண்டருளும் பெருமானே! பொய் சொன்ன நாவைக் கொண்டே இன்று மெய் சொல்லத் துணிகிறேன். நடுவில் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசை எழுமானால் அதை நீயே அடக்கியருள வேண்டும். புரட்டாசித் திருவோணமும் சனிக்கிழமையும் கூடிய இந்நன்னாளில், நீராடித் திருமண் இட்டு, இதை எழுத அமர்ந்திருக்கிறேன்.

ஐம்பது ஆண்டுகளாக என் கண்ணை விட்டு அகலாதது ஒரு வெள்ளைச் சுவர். ஆம்பூரில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஓடிய தெருவில், என் பள்ளித்தோழன் வீட்டு முன்னறைச் சுவர் அது. ஆண்டுதோறும் நோன்புப் பெருநாளுக்கு முன் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதில் படம் கிடையாது. படம் மாட்டிய தடமும் கிடையாது. ஓர் ஆணிகூட அடித்ததில்லை. எங்கள் வீட்டிலோ சுவரே தெரியாதபடி அவதாரங்களின் படங்கள் நிறைந்திருக்கும். முதல்முறை அவன் வீட்டுக்குப் போனபோது நாற்புறமும் பார்த்துவிட்டு, "உங்க சாமி எங்கடா?" என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க சாமிய ஆணில மாட்ட முடியாது, சாமி" என்றான். நான் திருமண் இட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவதால் என்னை அவன் "சாமி" என்றே கேலியாக அழைப்பான். அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க இப்போது உலகத்தில் அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

அவனுக்கு இரண்டு வயதாகும்போதே தாய் இறந்துவிட்டாள். அத்தைதான் வளர்த்தாள். தாயின் முகம் அவனுக்கு நினைவில்லை. காட்டுவதற்குப் படமும் இல்லை. கோஷாவில் இருந்த அம்மையாரின் முகத்தை வீட்டாரைத் தவிர வேறெவரும் கண்டதுமில்லை. அவன் தந்தை கிடங்கில் தோல் தரம் பிரிப்பவர். பதனிட்ட தோலைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுவார். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்து ஆறிய வடுக்கூட அந்த விரலுக்குத் தப்பாது. அவருக்கு எழுத்து தெரியாது. சென்னையிலிருந்து கிடங்குக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களை என்றாவது ஒருநாள் தன் மகன் உரக்கப் படித்துப் பொருள் சொல்ல, தான் அருகில் நின்று கேட்க வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை. அதற்காகவே அவனைப் பள்ளிக்கு அனுப்பினார்.

நாங்கள் இங்கிலீஷ் கற்ற முறையை இங்கே சொல்ல வேண்டும். சீமையிலிருந்து வந்த வண்ணப் படங்களை வகுப்புச் சுவரில் மாட்டி, அவற்றில் கண்டதைச் சொல்லச் சொல்வார் ஆசிரியர். பனி விழும் தெரு, குதிரை வண்டி, கணப்படுப்பருகே ஒரு குடும்பம் என்று பல படங்கள் உண்டு. எங்களுக்கு மிகவும் பிடித்த படத்தில், சன்னலோரம் ஒரு துரைசானி நாற்காலியில் அமர்ந்திருப்பாள். அவிழ்த்துவிட்ட பொன்னிறக் கூந்தல் தோளில் புரளும். மடியில் ஒரு சிறிய நாய்க்குட்டி. வியாசம் எழுதினால் அதைத் திருத்தி வாங்கி, நெட்டுருப் போட்டு, வகுப்பின் முன் நின்று ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே பொருள் தெரியும். சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எங்களில் எவருக்கும் இல்லை. அந்தப் பாஷைக்குள் நம்மவர் யாரும் குடியிருக்கவில்லை, ஆகையால் அங்கே எதைச் சொன்னாலும் யாருக்கும் நோகாது என்றே நான் எண்ணியிருந்தேன். வீட்டில் பொய் சொன்னால் நாவைச் சுட்டுவிடுவார் என் தகப்பனார். இங்கிலீஷில் நான் சொன்ன பொய்களுக்கோ மதிப்பெண் கிடைத்தது.

பரிசளிப்பு விழாவுக்காக, "என் வீட்டில் உள்ள படம்" என்ற தலைப்பில் வியாசம் எழுதச் சொன்னார்கள். நான் பட்டாபிஷேகப் படத்தைப் பற்றி எழுதினேன். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த மேய்ப்பரை எழுதினார்கள். என் தோழன் வெற்றுத்தாளோடு என்னிடம் வந்தான்.

"இன்னா சாமி எழுதறது? எங்க வூட்ல சுவருதான் கீது."

"உங்கம்மா படம்னு எழுதலாம். நான் எழுதித் தர்றேன்."

"அம்மாவுக்கு ஏதுடா படம்?"

"இங்கிலீஷ்லதானே சொல்லப்போற? யாருக்குத் தெரியும்!"

அவன் வெற்றுத்தாளை என்னிடம் நீட்டினான். பிறகு, "நல்லா எழுது. எங்கம்மா ஆச்சே" என்றான்.

நான் எழுதினேன். என் சொல்வளத்தைக் காட்ட வாய்த்த இடமாக மட்டுமே அதைக் கண்டேன். பொற்சட்டம் போட்டேன். துரைசானியின் நாற்காலி, கூந்தல், வெண்கழுத்து எல்லாவற்றையும் எடுத்து அந்த அம்மையாருக்குச் சூட்டினேன். நாய்க்குட்டியைக்கூட விடவில்லை. நாய் தீண்டினாலே தொழுகைக்கு முன் உடை மாற்றும் வீடு அது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன், வாக்கியம் அழகாக அமைந்துவிட்டது. நாள்தோறும் பெருமாளின் திருமேனி அழகைப் பாடும் பிள்ளைக்கு, ஒரு வடிவத்தை வருணிப்பதென்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா?

விழாவன்று ஊர்ப்பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். என் தோழனின் தந்தை சலவைச் சட்டையும் புதுத் தொப்பியுமாகத் தூணருகே நின்றார். அவன் தடையில்லாமல் ஒப்பித்தான், கைதட்டல் எழுந்தது. அவன் தந்தை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாமும் தட்டினார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் முன்வரிசையிலிருந்த தோல் வணிகர் ஒருவர், நல்ல மனத்தோடுதான், "தம்பி, இங்கிலீஷ் தெரியாத எங்களுக்கும் கொஞ்சம் தமிழ்ல சொல்லு. உங்கத்தாவும் கேக்கட்டும்" என்றார்.

அவன் தமிழில் தொடங்கினான். "எங்க வூட்டுச் சுவத்துல எங்கம்மா படம் மாட்டியிருக்குது." அவன் தந்தை தலையை நிமிர்த்தினார். "அவங்க தலைமுடி அவுந்து தோள்மேல வுழுந்திருக்குது." ஒவ்வொரு சொல்லாக எடுத்து அடுக்கும்போதுதான் அதன் முழு உருவம் அவனுக்கே தெரியத் தொடங்கியது. குரல் இறங்கிக்கொண்டே போனது. "அவங்க மடியில... ஒரு நாய்க்குட்டி..." மாணவர் வரிசையில் சிரிப்பு வெடித்தது. அவன் நின்றுவிட்டான். தன் மனைவியின் முகத்தை அத்தனை ஆண்களின் நடுவே யாரோ திறந்து காட்டிவிட்டதைப்போல அவன் தந்தை கண்களை மூடிக்கொண்டார்.

ஆசிரியர் எழுந்து, "இது நீயே எழுதியதா?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லோர்க்கும் தெரிந்திருக்கும். "நான்தான் சார் எழுதினேன்" என்றான்.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் தந்தை என்னை நிறுத்தினார். கையில் அந்த நோட்டு இருந்தது. படிக்கத் தெரியாத அவர், தோலைத் தடவுவதுபோல அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார்: "தம்பி, நீ அவனுக்கு தோஸ்து. இது என் புள்ள புத்தியில வந்த வார்த்தையில்ல. ஆரு சொல்லிக் குடுத்தது? உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க, சாயபு" என்றேன். நெற்றியில் திருமண் இருந்தது.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்டுகொண்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். "செரி, போ" என்றார். அவ்வளவுதான். மறுவாரம் என் தோழன் பள்ளிக்கு வரவில்லை. பெற்றவளை இப்படிச் சொல்லக் கற்றுத்தரும் பாஷை வேண்டாம் என்று அவனைக் கிடங்குக்கு அழைத்துப் போய்விட்டார். அந்தக் கடிதங்களைக் கடைசிவரை பிறர்தான் அவருக்குப் படித்துச் சொன்னார்கள். அந்த ஆண்டு இங்கிலீஷுக்கான பரிசு எனக்குக் கிடைத்தது. பின்னாளில் காட்பாடியில் இங்கிலீஷ் ஆசிரியனாகவே இருந்து ஓய்வு பெற்றேன். அந்தத் தலைப்பை மட்டும் எந்த வகுப்புக்கும் கொடுத்ததில்லை. அதை என் பிராயச்சித்தமாக எண்ணி நிம்மதியாக உறங்கிய காலமும் உண்டு.

போன வாரம் பள்ளிகொண்டாவில் பெருமாளைச் சேவித்துவிட்டு, துணிந்து ஆம்பூருக்குப் போனேன். அவனும் தந்தையைப்போலத் தோல் தரம் பிரிப்பவனாகி முதுமை எய்தியிருந்தான். விரல்களில் தோல் பதனிடும் பட்டைச்சாயம் ஏறிக் கறுத்திருந்தது. அதே முன்னறை, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அதே சுவர். கைகூப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தந்தை கேட்டதையும், தெரியாது என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

"அத்தா அன்னிக்கே சொல்லிட்டார், சாமி. ஒன் தோஸ்துதான் எழுதினான், பயந்துட்டான், அவன்கிட்ட கேக்காதேன்னு. நான் அதுக்கெல்லாம் கோச்சுக்கல" என்றான். தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினான். சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி அம்மாவ நெனச்சா ஒண்ணும் தெரியாது. சும்மா வெளிச்சமா இருக்கும். மனசுக்கு நல்லா இருக்கும். அதுக்கப்புறம் நெனச்சா, நாற்காலியில ஒக்காந்து அந்த வெள்ளக்காரிதான் வர்றா. அம்மாவுக்காக துவா கேட்டுக் கை ஏந்தறப்பகூட அவதான். அந்த நாய்க்குட்டியக்கூட வெரட்ட முடியல, சாமி." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.

கையில் எடுத்த குவளையைக் கீழே வைத்தேன். கண்வழி புகுந்த வடிவம் நெஞ்சில் நின்றுவிடும் என்பதை நம்பியல்லவா நான் நாள்தோறும் சன்னதியில் நிற்கிறேன்? எனக்கு வீடுபேறாக இருக்கும் அந்த வழியாலேயே, தாயில்லாப் பிள்ளையின் நெஞ்சுக்குள் ஓர் அந்நிய உருவை ஏற்றிவைத்தேன். எதிரே இருந்த சுவரை மீண்டும் பார்த்தேன். அவர்கள் மூன்று தலைமுறையாக அதில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. அடித்தவன் நான், அடித்த இடம் சுவரில் இல்லை. எந்தச் சுண்ணாம்பும் அதை மூடாது.

இதைப் படிக்கும் அனைவரும் நலமுற வாழ்க. உங்கள் நெஞ்சில் உங்கள் தாயின் முகம் பிறர் கை படாமல் நிலைத்திருக்க, பள்ளிகொண்ட பெருமான் அருள்புரிக.