நன்கொடை வேண்டாம், வரி போடுங்கள்

வெளியூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஊரோடு வந்துவிடலாமா என்று பார்க்க வருவதெல்லாம் டிசம்பரில்தான். அப்போது கடல் அடங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். மீன் மலிந்திருக்கும். பத்து நாள் தின்று உறங்கிவிட்டு, இதைவிட நல்ல இடம் உண்டா என்று வீட்டுக்கு அஸ்திவாரமும் போட்டுவிட்டுப் போவார்கள். மத்தியாஸின் தங்கை குளோரி வந்தது ஜூன் மாதத்தில், பெருமழையில்.

குழித்துறை ரயில் நிலையத்தில் ஆட்டோவோடு நின்ற மத்தியாஸ், இரண்டு பெட்டிகளோடு நனைந்து இறங்கியவளிடம் முதலில் அதைத்தான் கேட்டார்.

"இந்த மழையிலயா வருவ? கிறிஸ்மஸுக்கு வந்திருக்கப்பிடாதா?"

"கிறிஸ்மஸுக்கு எத்தனையோ வாட்டி வந்தாச்சுல்லா அண்ணா. கிறிஸ்மஸுல எந்த ஊரும் நல்ல ஊருதான். ஊருக்க மோசமான ரெண்டு மாசத்தப் பாக்கணும். அதத் தாங்குனா மிச்சத்தையும் தாங்கிரலாம்."

மத்தியாஸுக்குச் சிரிப்பு வந்தது. அவர் நாற்பது வருடம் ஆழ்கடலுக்குப் போனவர். அதில் பாதிக்கு மேல் ஸ்ராங்கு, அதாவது படகை நடத்துகிற ஆள். கடல் அடங்கிய நாளில் படகைப் பார்த்து விலை பேசுகிறவனை அவர் எப்போதும் கேலி செய்வார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட தனக்கும், இத்தனை படித்த தங்கைக்கும் புத்தி ஒரே திசையில் ஓடுகிறதே என்று வழி நெடுக அவருக்கு உள்ளூரப் பெருமை.

குளோரி பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போனவள். வடக்கே நர்ஸ் படிப்புக்குக் கன்னியாஸ்திரிகள் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடற்கரையிலிருந்து ஐந்து பெண்கள் ஒரே ரயிலில் ஏறினார்கள். மூன்று பேர் ஆறு மாதத்துக்குள் அழுதுகொண்டே திரும்பிவிட்டார்கள். ஒருத்தி கல்யாணம் முடித்து குவைத்துக்குப் போனாள். குளோரி மட்டும் நின்றாள். தண்ணீர் கேட்கக்கூட இந்தி தெரியாமல் போனவள், இந்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுபது கட்டில் கொண்ட வார்டுக்குப் பொறுப்பாளி ஆனாள். புதிதாக வந்த டாக்டர்கள் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்கிறார்கள் என்பதை மத்தியாஸ் ஒருமுறை அங்கே போனபோது நேரில் பார்த்தார். வந்த பிறகு அதைச் சொல்லாத வீடு ஊரில் பாக்கி இல்லை.

கல்யாணப் பேச்சுகள் வந்தன. வந்தவர்களெல்லாம் அவள் சம்பளத்தையே விசாரித்தார்கள். "எனக்கச் சம்பளத்தக் கெட்டிக்கிட்டுப் போறவியளுக்கு நான் எதுக்கு?" என்று சொல்லி அவள் தனியாகவே இருந்துவிட்டாள். மத்தியாஸின் இரண்டு மகள்களையும் கல்லூரிக்கு அனுப்பியவள் அவள்தான்.

இந்த ஏப்ரலில் ஓய்வு பெற்றாள். கூட வேலை பார்த்த இரண்டு பேர் இந்தூரில் அடுத்தடுத்து ஃபிளாட் வாங்குகிறார்கள். மூன்றாவது ஃபிளாட்டை அவளுக்காகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஜூலை முடிவதற்குள் வருகிறேன், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தங்கை ஊரில் இருக்க வேண்டும் என்பது மத்தியாஸின் ஒரே ஆசை. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் ஆசைப்படுகிறான் என்பதற்காக இருந்துவிடுகிற ஆள் அவள் இல்லை, அதே காரணத்துக்காகவே கிளம்பிவிடக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும்.

வந்த அன்றே முதல் அடி விழுந்தது. அண்ணன் வீட்டில் தங்க மாட்டேன் என்றாள்.

"ஒனக்க வீட்டுல சாப்பிட்டா எனக்கு எப்பிடிச் செலவு தெரியும்? வாடகைக்கு ஒரு வீடு பாரு."

தேங்காய்ப்பட்டணம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஜைனம்புவின் ஓட்டு வீடு சும்மா கிடந்தது. ஜைனம்புவின் மகன் தம்மாமில் இருக்கிறான். வாடகை நாலாயிரத்து ஐந்நூறு என்று ஜைனம்பு சொன்னதும், மத்தியாஸ் பழைய பழக்கத்தை நினைவுபடுத்திப் பார்த்தார். ஜைனம்பு அசையவில்லை.

"எனக்க மாப்பிளையும் நீங்களும் கூட்டாளியதான், இல்லேங்கல்ல. ஆனா ஒண்ணாந்தேதி பைசா முழுசா வந்திரணும் பிள்ளே. மழ பெய்யுது, கரண்ட் இல்ல, ஓடு ஒழுகுதுன்னு கத சொல்லப்பிடாது."

மத்தியாஸின் முகம் சுருங்கியது. குளோரிக்கோ வாயெல்லாம் பல். "இந்த ஊருல எனக்கு இவிய ஒருத்தரு போதும்" என்றாள்.

மத்தியாஸ் மனக்கணக்குப் போட்டார். ஒரு மாதம் கடலில் கிடக்கப்போகிற படகுக்கு ஐஸ், டீசல், அரிசி எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்றிப் பழகிய கணக்கு அது. வாடகை, கேஸ், கரண்ட். கிணற்றில் உப்பு ஏறியிருப்பதால் குடிக்கத் தண்ணீர் கேன். பிரஷர் மாத்திரை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கருங்கலுக்குப் போய்வர ஆட்டோ. உப்புக்காற்று ஃபேனையும் ஃபிரிட்ஜையும் தின்றுவிடும் என்பதால் அதற்கு வருடத்துக்கு ஒரு தொகை. கல்யாண வீடுகளில் வைக்கிற சுருள் பணத்தைக்கூட அவர் விடவில்லை. எல்லாம் சேர்ந்து மாதம் பதினெட்டாயிரம். வட்டியும் பென்ஷனுமாக அவளுக்கு முப்பதாயிரம் வருகிறது. இந்தூரில் அது கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகும். இங்கே மிச்சம் விழும். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

முதல் மாதம் முடிந்தபோது அந்தக் கணக்குகூட அதிகமாகத் தெரிந்தது. வாடகையோடு சேர்த்து அவள் செலவு ஏழாயிரத்தைத் தொடவில்லை. தடைக்காலம், விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது, மீன் விலை நெருப்பாக இருக்கிறது. ஆனாலும் மீன்காரி குளோரியிடம் காசு வாங்கவில்லை. ஆட்டோக்காரன் வாங்கவில்லை. மத்தியாஸின் மனைவி ஜெசிந்தாள் மூன்று வேளையும் தூக்குப்பாத்திரத்தில் கொடுத்துவிட்டாள். அருமனையிலிருந்து சம்பந்தி வீட்டார் பலாச்சக்கையும் மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து போட்டார்கள்.

"பாத்தியா?" என்றார் மத்தியாஸ். "ஏழாயிரம்! இந்தூருல இதுக்கு என்ன கிடைக்கும்?"

"அண்ணா, இது செலவில்ல. விருந்து" என்றாள் குளோரி. "விருந்துக்கு வந்தவளாட்டு எத்தன வருசம் இருக்க முடியும்? இன்னும் ரெண்டு மாசம் போனா, இவ எப்போ ரயிலேறுவான்னு அவியளே கேப்பாவ."

மழையை அவள் தாங்கினாள். இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தாள். ஓடு ஒழுகிய இடத்தில் வாளியை வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கினாள். சாயங்காலம் நடக்கப் போனால், வழியில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் "எங்க போறிய?" என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்றாள். மூன்றாம் நாள் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அதையும் சிரித்துத் தாங்கினாள். விருந்தாளி என்று கனிவோடு ஓரமாக உட்கார வைக்கிறார்களே, அதை மட்டும்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஜூலை நடுவில், ஆகஸ்ட் மாதா திருவிழாவுக்குப் பணம் பிரிக்கக் கோயில் கமிட்டி வந்தது. செயலாளர் ஜெஸ்பினும் இன்னும் இரண்டு பேரும். மத்தியாஸும் அப்போது அங்கே தேயிலை குடித்துக்கொண்டிருந்தார். ஜெஸ்பின் ரசீதுப் புத்தகத்தை விரித்தான்.

"ஆன்றி, ஒங்க பேருல ஒரு இருவத்தஞ்சாயிரம் நன்கொட எழுதட்டா? ஒன்பதாந் திருவிழாவுக்கு மைக்குல வாசிப்போம். நோட்டீஸுலயும் போடுவோம்."

"திருவிழாவுக்கு வீட்டு வரி எவ்வளவு?"

"அது மூவாயிரம். அது ஊருக்காரங்களுக்கு."

"நான் பின்ன எந்த ஊரு? நன்கொட வேண்டாம், வரி போடுங்க."

ஜெஸ்பின் சிரித்தான். பிறகுதான் அவள் சிரிக்கவில்லை என்று கண்டான். "இல்ல ஆன்றி, வரி குடும்பத்துக்குத்தான். ஒங்க பேரு மத்தியாஸ் மாமாக்க கோயில் குடும்ப அட்டையில இருக்கு. மாமா வரி தந்தா ஒங்களுக்கும் சேத்துதான். ஒத்தப் பொம்பளைக்குத் தனியா அட்டை போடுறதில்ல."

"அடுப்பு இருக்கு, பூட்டு இருக்கு, வாடக குடுக்கியேன். வீடுன்னா இன்னும் என்ன வேணும் மக்கா?"

அவன் மத்தியாஸைப் பார்த்தான். "மாமா பேர எடுக்கச் சொன்னா பாக்கலாம். கூட்டத்துல சொல்லணும்."

குளோரியும் அண்ணனைப் பார்த்தாள். மத்தியாஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்று எழுந்து போய்விட்டார்.

அட்டையிலிருந்து பெயரை எடுப்பதா? கல்யாணமாகாத தங்கையை, அதுவும் சம்பளம் நின்ற வருடத்தில், அண்ணன் வெளியே தள்ளிவிட்டான் என்று கடற்கரை முழுக்கப் பேசுவார்கள். கடைசிவரை அவளை வைத்துக் காப்பாற்றினான் என்ற பேரைத்தான் அவர் மனதில் எழுதி வைத்திருந்தார். மறுநாள் குளோரியே வந்தாள். கோபமாகப் பேசவில்லை.

"அண்ணா, ஒனக்க கணக்கு சரிதான். இஞ்ச பைசா கொறவு, அங்க கூடுதல். ஆனா அங்க கதவுல எனக்க பேரு இருக்கும். ஆஸ்பத்திரியில நான் சொன்னா அறுவது கட்டிலும் கேக்கும். இஞ்ச நான் ஒனக்க அட்டையில ஒரு பேரு. அப்பிடி இருக்கதுக்கு நான் வரல்ல. கூட்டம் முடிஞ்சதும் இந்தூருக்குப் பதில் சொல்லணும்."

அவள் போன பிறகு ஜெசிந்தாள் அடுக்களையிலிருந்து சொன்னாள்: "குளோரி மைனி வந்த அன்னைக்கே தனி வீடுதான். நீங்க ஒருத்தருதான் இன்னும் ஒரே வீடு, ஒரே வீடுன்னு சொல்லிட்டு நடக்கிய."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் பக்கத்துக் கொட்டகையில் கூட்டம். குளோரி பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். திருவிழாவுக்கான வரவு செலவுத் திட்டத்தை வாசித்து முடித்து, வேறு ஏதாவது உண்டா என்று பங்குத்தந்தை கேட்டபோது மத்தியாஸ் எழுந்தார்.

"எனக்க அட்டையில இருந்து குளோரிக்க பேர எடுக்கணும், ஃபாதர்."

அவர் பயந்தது அப்படியே நடந்தது. அவரோடு ஒரே படகில் போய்வந்த ஜான்ரோஸ் முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான். "என்ன ஸ்ராங்கே, தங்கச்சிக்கச் சம்பளம் நின்னதும் வெளிய தள்ளுறியா?"

கொட்டகை சிரித்தது. மத்தியாஸ் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அறுபது கட்டிலையும் பார்க்கிற அதே பார்வை. அதைக் கண்டதும் அவர் முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"ஏலே ஜான்ரோஸ், கொச்சியில வயித்துவலின்னு கொண்டு போனப்போ, ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரி மதிலு சாடுனவன் நீ. நர்ஸுமாரப் பத்தி நீ வாயத் தொறக்காத."

இப்போது சிரிப்பு மறுபக்கம் திரும்பியது. ஜான்ரோஸும் சேர்ந்து சிரித்துவிட்டான். மத்தியாஸ் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"நாப்பத்திரெண்டு வருசம் அந்நிய ஊருல ஒத்தைக்கு நின்னவள நான் எங்க தள்ள? நான் அவள வச்சிக் காப்பாத்துகேன்னு சொன்னா அது பொய்யி. எனக்க பிள்ளையளையும் சேத்து அவதான் காப்பாத்துனா. அவ எனக்க வீட்டுல ஒரு ஆளில்ல ஃபாதர். அவளே ஒரு வீடு. தனி அட்டை போடுங்க."

அப்படிச் செய்யக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்றார் பங்குத்தந்தை. ஜெஸ்பின் இரக்கத்தோடு ஒரு யோசனை சொன்னான்.

"அப்போ விதவைகளுக்குப் போடுற மாதிரி பாதி வரி போட்டுரலாம்."

"எனக்கு யாரு செத்தா?" என்று பின்வரிசையிலிருந்து குளோரி கேட்டாள். "முழுசாப் போடுங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அவள் எழுந்து வந்து மூவாயிரத்தைக் கட்டினாள். ரசீதை வாங்கிப் பெயரில் பிழை உண்டா என்று பார்த்தாள். திரும்பிப் போவாள் என்று மத்தியாஸ் நினைத்தார். அவள் அங்கேயே நின்றாள்.

"லைட்டுக்கும் மைக்குக்கும் மூணு லெச்சத்து நாப்பதாயிரம்னு வாசிச்சீங்க. எத்தன பேருகிட்ட ரேட்டு கேட்டீங்க?"

ஜெஸ்பின் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். பக்கத்திலிருந்தவன் ஃபாதரைப் பார்த்தான்.

"வழக்கமா வாறவருகிட்டதான் ஆன்றி."

"நான் வார்டுக்குக் கட்டில் விரிப்பு வாங்கணும்னாலே மூணு பேருகிட்ட கேப்பேன். செலவு முழுசும் எப்போ வாசிப்பிய?"

"செப்டம்பர் கடைசியில."

"சரி. அப்போ ரேட்டு கேட்ட சீட்டையும் கொண்டு வாங்க. நான் இருப்பேன். அடுத்த திருவிழாவுக்கும் இருப்பேன்."

அவள் கடைசியாகச் சொன்னதை மத்தியாஸ் மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தார். இந்தூருக்கான பதில் அதுதான். அதை ஊர்க்கூட்டத்தில் வைத்தே சொல்லிவிட்டாள். பின்வரிசையில் இன்னொரு பெண் எழுந்து, "அந்த ஜெனரேட்டரு வாடகையும் கேளுங்க சிஸ்டர்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள்.

ஜெஸ்பின் மெதுவாகக் குனிந்து மத்தியாஸின் காதில் சொன்னான். "மாமா, பேசாம நன்கொடையே வாங்கிட்டுப் போயிருக்கலாம்."

"இனி ஒண்ணும் செய்ய முடியாது மக்கா" என்றார் மத்தியாஸ். அக்கம்பக்கம் நான்கு நாற்காலிக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். "அவ இந்த ஊருக்காரியாக்கும்."