கழற்றப் பயந்த மாலை

மாசி பிறந்தும் நான் மாலையைக் கழற்றவில்லை. கார்த்திகையில் என்னோடு ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் எல்லாம் தை முதல் வாரத்திலேயே மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றி, கறி தின்று, பாதிப்பேர் பழையபடி பிராந்திக்கடைக்கும் போய்விட்டார்கள். நான் மட்டும் கறுப்பு வேட்டியும் தாடியும் வெறுங்காலுமாகக் கோவில்பட்டியில் திரிந்தேன். கேட்டவர்களிடம் இன்னொரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்று சொன்னேன்.

வேண்டுதல் ஒன்றும் இல்லை. பயம்தான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றப் போனவன் நான். எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சாயங்காலம் வேலை விட்டதும் மேலெல்லாம் வலிக்கும். அந்த வலிக்கு என்று ஆரம்பித்த குடி, வலி இல்லாத நாளிலும் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. மாலை போட்ட பிறகு, 'ஏலே, வாரியா' என்று கூப்பிட்டவர்கள் 'சாமி' என்று ஒதுங்கி வழி விட்டார்கள். அந்த மணிகள் கழுத்தில் கிடக்கிற வரைக்கும் ஒருத்தனும் என் தோளில் கைபோடமாட்டான். கழற்றினால்? அதை நினைக்கும்போதெல்லாம் மணிகளை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

கஷ்டப்பட்டது என் மனைவி. மாலை போட்டவன் காலையும் சாயங்காலமும் தலைக்குக் குளிக்க வேண்டும். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் அதுவும் இல்லை.

"எப்பதான் கழத்தப் போறீங்க?" என்றாள் ஒருநாள், இடுப்பில் குடத்தோடு. "குளிச்சுக் குளிச்சு நீங்க சுத்தமாயிட்டீங்க. எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"பங்குனி உத்திரம் கழியட்டும்."

"அது கழிஞ்சா சித்திரைம்பீங்க."

கோபப்பட்டாளே தவிர, தண்ணீர் சுமப்பதை நிறுத்தவில்லை. அவளுக்கும் அதே பயம் இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு கவலை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அன்றே மாலையைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டப்பிடாரத்தில் என் பெரியப்பா ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்தப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடமெல்லாம் சொல்லி அவர் உடம்பு எப்படி என்று விசாரித்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். பெற்ற மகனுக்குக்கூட இவ்வளவு அக்கறை இல்லை என்று சொந்தக்காரர்கள் என்னை மெச்சினார்கள். அவர் அங்கே இருமினால் இங்கே என் மாலை ஆடியது, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவிதான் என்னை அங்கே அனுப்பினாள். சின்னப்பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. கரும்பலகையைப் பார்த்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது, வாத்தியார் கேள்வி கேட்கப்போகிறார் என்பதுபோல. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் குடியைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் மாலையை வைத்துக்கொண்டு வேறு எதைச் சொல்ல?

வெளியே வந்ததும், கயத்தாற்று லாரி டிரைவர் ஒருவர், குடியை விட்டுச் சில வருஷம் ஆனவர், என்னிடம் வந்தார்.

"சாமிக்கு எங்க கூட்டத்துல வேலை இல்ல. உள்ள ஒரு ஆளு இருக்கான்லா, அவன ஒருநா கூட்டிட்டு வாங்க."

தீப்பெட்டி லேபிளின் பின்பக்கம் ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அவர் லாரி நிற்கும் டீக்கடையின் நம்பர். "மாலையக் கழத்துத அன்னைக்குப் போன் போடுங்க" என்றார்.

பங்குனி பிறக்குமுன்பே பெரியப்பா போய்விட்டார். துட்டி சொல்ல வந்த ஆள் சைக்கிளை நிறுத்தும்போதே எனக்கு விளங்கிவிட்டது. நான் அழுத அழுகையைப் பார்த்து அவனே என்னைத் தேற்றினான். மனைவி என் கழுத்திலிருந்து மாலையை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள். தோலை உரித்ததுபோல் இருந்தது கழுத்து. இருவரும் ஓட்டப்பிடாரத்துக்குப் பஸ் ஏறினோம்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்ததும், வைக்கோல் படப்புக்குப் பின்னால் பங்காளிகள் பாட்டிலைத் திறந்தார்கள். துட்டி வீட்டில் அது புதிதல்ல.

"என்னலே, மாலை போச்சா?" என்றான் ஒருவன்.

"பெரியப்பாவும் போயிட்டாரு. இனி யாருக்குப் பயப்படுத? அவருக்காக ஒரு மடக்கு குடி" என்றான் இன்னொருவன்.

தம்ளர் என் கைக்கே வந்துவிட்டது. வாசம் மூக்கில் ஏறியது. அதைக் கீழே வைத்தேனா, பக்கத்திலிருந்தவன் கையில் கொடுத்தேனா, இன்றுவரை நினைவில்லை. கரிசல் கட்டிகள் காலில் குத்தக் குத்த ஓடி, மெயின்ரோட்டு போன் பூத்துக்குள் நுழைந்தேன். மடியிலிருந்த லேபிளைப் பார்த்து நம்பரைப் போட்டேன்; டீக்கடைக்காரர் டிரைவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, நாந்தான். மாலை போட்டிருந்தேன்லா, அந்த ஆளு."

"போட்டிருந்தியா? அப்ப கழத்தியாச்சு."

"ஆமா."

"குடிச்சியாலே?"

"இல்ல."

"எங்கன நிக்க?"

"ஓட்டப்பிடாரம், பூத்துல."

"அங்கனயே நில்லு. கதவச் சாத்திக்க. தூத்துக்குடிக்கு உப்பு ஏத்தத்தான் கெளம்புதேன். அந்த வழியா வாரேன்."

நான் அசையவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் வேர்த்து ஊற்றியது. அவர் மறந்துவிட்டால்? வழியில் டயர் வெடித்தால்? பூத்துக்காரர் கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, பேசுதீங்களா, இல்ல இங்கனயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

"ஆள் வாராரு."

"போனுக்குள்ள இருந்தா வாராரு?"

சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை உள்ளே தள்ளினார்.

லாரி வந்து நின்றது. டிரைவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு டீ சொல்லிவிட்டு, பூத்து வாசலில் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "சொல்லு" என்றார். சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கிவிட்டேன். டீ ஆறி ஆடை படிந்தது.

துட்டி வீட்டிலிருந்து மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். என் முகத்தருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள், பழைய வழக்கம். பிறகு டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம்?" என்று அவரிடம் கேட்டேன்.

"நாளைக்கு நான் சேலத்துல இருப்பேன்லே."

"அப்ப..."

"ஆபீஸ் வாசல்ல நான் வந்து நிக்கேன்" என்றாள் அவள்.

"தெனமுமா?"

"ரெண்டு வேளை தண்ணி சுமக்கதுக்கு இது தேவல."

உனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய, ஊருக்குப் போகவேண்டி வந்தால் என்ன செய்ய என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் பைக்குள் கைவிட்டு, கார்த்திகையிலிருந்து நான் போடாத செருப்பை எடுத்துக் கீழே போட்டாள்.

"மாட்டிக்கிட்டு நடங்க. பஸ் போயிரும்."